அன்னதானம் நடக்கட்டும், மண்டபச் சாவி யாரிடம்?

ஊர்த் திருவிழாவில் அன்னதானம். அரிசி ஊர்க்காரர்களுடையது, காய்கறி ஊர்க்காரர்களுடையது, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியதும் அவர்களே. சாப்பாட்டுக்குக் காசு கிடையாது. மண்டபம் மட்டும் வேறொருவருடையது. "சும்மாவே நடத்திக்குங்கப்பா, வாடகையெல்லாம் வேணாம்" என்று பெரிய மனசு பண்ணிக் கொடுத்திருக்கிறார். கொடுத்த கையோடு பந்திக்கு நடுவே விளம்பரத் தட்டி வைக்கிறார். அடுத்த வருடம் தட்டி இரண்டாகிறது. அதற்கடுத்த வருடம் இலையைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு தட்டி. தட்டிக் காசு முழுக்க அவருக்கு. பொறுத்துப் பார்த்த ஊர்க்காரர்கள், "நாங்க வேற இடத்துல நடத்திக்கிறோம்" என்கிறார்கள். "தாராளமா போங்க. ஆனா அண்டா, அடுப்பு, பெயர்ப்பலகை எல்லாம் இங்கேயே இருக்கும். பழக்கத்துல இங்க வர்ற கூட்டமும் எனக்குத்தான்" என்கிறார் மண்டபத்துக்காரர்.

இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு எந்த ஊராவது ஒத்துக்கொள்ளுமா? வீடியோ கேம் ரசிகர்கள் இருபது வருடமாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள்: "எங்க தளம் முழுக்க முழுக்க லாப நோக்கமற்றது!"

லாபம் இல்லைதான். யாருக்கு இல்லை என்பதுதான் கேள்வி.

கேம் ரசிகர் தளம் என்றதும் பலருக்கு மனசில் வரும் படம் ஒன்று உண்டு. பரீட்சைக்குப் படிக்காத ஒரு பையன், நாலு வால்பேப்பர், குறுக்கே ஓடுகிற எழுத்து, பக்கத்தைத் திறந்ததும் தானாகக் கத்தும் ஒரு மிடி பாட்டு. 1990களில் அப்படியும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டே இன்றைக்கும் பேசுவது அநியாயம். ஒரு பெரிய கேம் தொடரின் ரசிகர் தளத்தில் இப்போது ஒரு வாளுக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கும். அந்த வாள் எந்த எதிரியிடம் கிடைக்கும், நூறு தடவை அவனை வீழ்த்தினால் எத்தனை தடவை கிடைக்கும், எந்த அப்டேட்டில் அதன் பலத்தைக் குறைத்தார்கள், ஜப்பானியப் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கும் ஏன் சம்பந்தமே இல்லை... எல்லாம் இருக்கும். இதையெல்லாம் கேமைச் செய்த நிறுவனம் எழுதுவதில்லை. பெட்டிக்குள் ஒரு கையேடு வைத்துக் கொடுக்கும் பழக்கமே போயாச்சு.

அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் ராத்திரி பூரா உட்கார்ந்து ஒரே எதிரியைக் கொன்று கொன்று எண்ணியிருக்கிறார். இன்னொருவர் அந்த எண்ணிக்கை தப்பு என்று சண்டை போட்டிருக்கிறார். மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் சமாதானம் செய்திருக்கிறார் (மூன்று வேலையில் இதுதான் கஷ்டமானது). இது வெளியே தெரிகிற வேலை. தெரியாத வேலை நிறைய. டொமைனுக்கு வருடாவருடம் காசு கட்ட வேண்டும், மறந்தால் அந்தப் பெயரை எவனோ சூதாட்ட விளம்பரத்துக்கு வாங்கிக்கொண்டு போவான். பேக்கப் எடுக்க வேண்டும். புதுக் கேம் வருகிற அன்றைக்குக் கூட்டம் பத்து மடங்காகி சர்வர் படுத்துவிடும், அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஸ்பேம் போடுகிறவனை விரட்ட வேண்டும். இப்போது புதுத் தலைவலி, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் போட்கள். வந்து மொத்தத் தளத்தையும் வழித்துக்கொண்டு போகின்றன. பில் மட்டும் தளக்காரருக்கு.

இத்தனையும் சம்பளமில்லாத வேலை. அது பிரச்சினை இல்லை. பிடித்த விஷயத்துக்காக ஒருவர் இலவசமாக உழைப்பது அவர் இஷ்டம், அழகான இஷ்டமும்கூட. ஆனால் உழைப்பவர் விட்டுக்கொடுத்த காசு காற்றில் கரைந்துபோவதில்லை. அது யார் சட்டைப்பைக்கோ போகிறது. எந்தச் சட்டைப்பை என்று கேட்காமல் "நாங்க லாபம் பாக்கல" என்று சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது?

வார்கிராஃப்ட் ரசிகர்களின் கதை இதற்குக் கச்சிதமான உதாரணம். சினிமாவாக எடுத்தால், லாஜிக் இல்லை என்பார்கள்.

பிளிஸார்ட் நிறுவனத்தின் வார்கிராஃப்ட் தொடர் 1994-ல் தொடங்கியது. அதில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004 நவம்பரில் வந்தது. அதே மாதத்தில் ரசிகர்கள் 'வாவ்விக்கி' என்ற தளத்தைத் தொடங்கிவிட்டார்கள். விக்கிப்பீடியா போலவே யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். கேம் வளர வளரத் தளமும் வளர்ந்தது. 2007-ல் அதை விக்கியா என்ற நிறுவனத்தின் சர்வருக்கு மாற்றினார்கள். காரணம் எளிமையானது. கூட்டம் தாங்கவில்லை, விக்கியா இலவசமாக இடம் தருகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் ஏமாறுவது இதில்தான். விக்கிப்பீடியாவை நடத்துவது ஒரு அறக்கட்டளை. விக்கியாவை 2004-ல் தொடங்கியவர்களில் ஒருவர் அதே ஜிம்மி வேல்ஸ், இன்னொருவர் ஏஞ்சலா பீஸ்லி. ஆனால் விக்கியா அறக்கட்டளை இல்லை. விளம்பரத்தில் சம்பாதிக்கும் சாதாரண வியாபாரக் கம்பெனி. பெயரில் விக்கி இருக்கிறது, தொடங்கியவர் விக்கிப்பீடியாக்காரர், எனவே இதுவும் தர்ம காரியம்தான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டார்கள். கம்பெனி பொய் சொல்லவில்லை. ரசிகர்கள்தான் கேட்கவில்லை.

2010-ல் விக்கியா தன் எல்லாத் தளங்களுக்கும் ஒரு புதுத் தோற்றத்தைக் கட்டாயமாக்கியது. எழுத்து வரும் பகுதியின் அகலம் சுருங்கியது, ஓரத்தில் கம்பெனியின் பட்டை வந்து உட்கார்ந்தது. சினிமாச் செய்தி படிக்கிற தளத்தில் இது பெரிய விஷயம் இல்லை. பத்துப் பதினைந்து பத்தியாக அட்டவணை போடும் வார்கிராஃப்ட் தளத்தில்? எட்டு முழ வேட்டியைத் தபால் உறையில் மடித்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. எழுதியவர்கள் கத்திப் பார்த்தார்கள். நடக்கவில்லை. அந்த வருடம் அக்டோபரில் பெரும்பாலான நிர்வாகிகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கர்ஸ் என்ற நிறுவனத்தின் சர்வரில் 'வாவ்பீடியா' என்ற புதுப் பெயரில் தளம் திறந்தது.

எழுத்தை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. ஏனென்றால் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தது, யாரும் நகலெடுக்கலாம். அந்த உரிமம் மட்டும் இல்லாமலிருந்தால் ஆறு வருட உழைப்புக்கு அங்கேயே திதி கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அதே உரிமத்தால் பழைய இடத்திலும் எல்லாம் அப்படியே இருந்தது. வாவ்விக்கி என்ற பெயர் விக்கியாவிடம். கூகுளில் அத்தனை வருடம் சேர்த்து வைத்த இடமும் விக்கியாவிடம். போனவர்கள் புது வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருக்க, வருகிறவர்கள் பழைய வாசலிலேயே போய் நின்றார்கள். நேரமும் பாருங்கள்: அந்த டிசம்பரில்தான் 'கேட்டக்ளிஸம்' என்ற விரிவாக்கம் வந்து, கேமின் பழைய நிலப்பரப்பையே கலைத்துப் போட்டது. பழைய பக்கங்களில் பெரும்பகுதியைத் திருப்பி எழுத வேண்டிய நிலை. திருத்திய தகவல் புது வீட்டில், காலாவதியான தகவல் பழைய வீட்டில், தேடுகிறவன் போவது பழைய வீட்டுக்கு.

இத்தோடு முடிந்திருந்தால் அனுபவம் என்று விட்டுவிடலாம். முடியவில்லை.

கர்ஸ் நிறுவனம் 2016-ல் ட்விட்சுக்குக் கைமாறியது. ட்விட்ச் அமேசானுடையது. ரசிகர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். இதற்குள் விக்கியா தன் பெயரை ஃபேண்டம் என்று மாற்றிக்கொண்டிருந்தது. 2018 தொடக்கத்தில் டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. அதே வருடம் டிசம்பரில் ஃபேண்டம் ஒரு கொள்முதல் செய்தது. எதை? கர்ஸின் கேம்பீடியா விக்கிகள் அத்தனையையும். வாவ்பீடியா உட்பட!

அதாவது, வீட்டுக்காரர் தொல்லை தாங்காமல் வேறு தெருவுக்குக் குடிபோனவர்களின் புது வீட்டையும் பழைய வீட்டுக்காரரே வாங்கிவிட்டார். எட்டு வருடத்துக்கு முன்பு கோபித்துக்கொண்டு வந்தவர்கள் ஒரு பெட்டியைக்கூட நகர்த்தாமல் மறுபடி அவருக்கே குடித்தனக்காரர்கள். வாவ்விக்கியும் வாவ்பீடியாவும் ஒரே கூரையின் கீழே. 2023 அக்டோபரில் இரண்டாவது முறை மூட்டை கட்டினார்கள். இப்போது விக்கி.ஜிஜி என்ற இடத்தில் 'வார்கிராஃப்ட் விக்கி' என்ற பெயரில் நடக்கிறது. மூன்றாவது பெயர், மூன்றாவது முகவரி. எழுதியது ஒரே கூட்டம், எழுதப்பட்டது ஒரே கேம்.

(விக்கி.ஜிஜியும் விளம்பரத்தில் ஓடும் கம்பெனிதான் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இப்போதைக்கு நல்ல வீட்டுக்காரர் என்கிறார்கள். கர்ஸையும் 2010-ல் அப்படித்தான் சொன்னார்கள்.)

இதில் ஃபேண்டத்தைத் திட்டுவது சுலபம். எல்லாரும் திட்டுகிறார்கள். பாப்பப், தானாக ஓடும் வீடியோ, கைப்பேசியில் பாதித் திரையை மறைக்கும் விளம்பரம்... பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒரு பாஸை வீழ்த்த வழி தேடியவர்கள் எல்லாருக்கும் அந்த அனுபவம் உண்டு. ஆனால் விளம்பரக் கம்பெனி விளம்பரம் போடுவது அதன் பிழைப்பு. தேள் கொட்டுகிறது என்று தேள்மேல் வழக்குப் போடுவதில் அர்த்தமில்லை. கேட்க வேண்டியது ரசிகர்களை. மாதக்கணக்கில் ஒரு கேமின் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்த்து, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று பட்டியல் போடத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் தளத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லையே!

"சரிப்பா, சர்வருக்குக் காசு யார் அப்பன் குடுப்பான்?" நியாயமான கேள்வி. எல்லாரும் முதலில் கேட்பதும் இதுதான். மாணவர்கள் நடத்தும் தளம், கையில் காசில்லை, இலவசமாக ஒருவர் இடம் கொடுத்தால் வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு ரூன்ஸ்கேப் ரசிகர்கள் 2018-ல் பதில் சொல்லிவிட்டார்கள். அவர்களும் ஃபேண்டத்தில்தான் இருந்தார்கள். அந்த அக்டோபரில் வெளியேறினார்கள், ஆனால் இன்னொரு மண்டபத்தைத் தேடிப் போகவில்லை. விக்கியில் எழுதிக்கொண்டிருந்தவர்களே 'வியர்ட் க்ளூப்' என்று பிரிட்டனில் ஒரு நிறுவனத்தைப் பதிந்து, டொமைனைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, சர்வரைத் தாங்களே நடத்தினார்கள். கேமைச் செய்த ஜேகெக்ஸ் நிறுவனம் செலவுக்குக் கை கொடுத்தது. ரூன்ஸ்கேப் விக்கியில் விளம்பரம் கிடையாது. ஐந்து வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், மைன்கிராஃப்ட் விக்கிக்காரர்கள் ஃபேண்டத்தை விட்டு வெளியேறியபோது வந்து சேர்ந்தது இவர்களிடம்தான். 2024-ல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விக்கியும் வந்தது. காசில்லை என்று சொன்ன கூட்டம், அடுத்தவர்களுக்கும் இடம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

கேம் நிறுவனத்திடம் காசு வாங்கினால் அதைக் குறை சொல்லி எழுத முடியுமா என்று கேட்டால், அதுவும் சரியான கேள்வி. கவனமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே காசு நின்றுபோனாலும் டொமைன் எழுதியவர்களிடமே இருக்கும். ஓர் உண்டியல் வைத்து ஓட்டலாம், சின்ன சர்வருக்கு மாறலாம். சாவி கையில் இருந்தால் இருட்டிலாவது உட்காரலாம்.

செல்டா தொடரின் ரசிகர்கள் இன்னொரு வழியில் போனார்கள். 2010-ல் செல்டா விக்கி, சூப்பர் மாரியோ விக்கி, போக்கிமான் ரசிகர்களின் பல்பபீடியா மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. நின்டெண்டோ கேம்களுக்கான தனித்தளங்கள் ஒன்றுக்கொன்று துணை என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அப்படியும் செல்டா விக்கி நடுவில் கேம்பீடியாவுக்குப் போய், வார்கிராஃப்ட்காரர்களைப் போலவே ஃபேண்டத்தின் கையில் விழுந்து, 2022-ல்தான் மறுபடி தனியாக வந்தது. கூட்டணியைத் தொடங்கி வைத்தவர்களுக்கே இந்தக் கதி. இதையெல்லாம் பார்த்த பிறகும் "எங்க ஹோஸ்ட் அப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க" என்று சொல்கிறவர்களை என்ன செய்வது?

இதற்கு முந்தின தலைமுறையின் கதை இன்னும் மோசம். 1990களின் கேம் ரசிகர் தளங்களில் எக்கச்சக்கமானவை ஜியோசிட்டீஸின் இலவச இடத்தில் இருந்தன. 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26-ல் மூடிவிட்டது. சில தன்னார்வலர்கள் அவசர அவசரமாக அள்ளிச் சேமித்தது மட்டும்தான் மிச்சம். தன் தளம் போய்விட்டது என்பதே தெரியாதவர்கள்கூட அதில் இருப்பார்கள்.

அடுத்து இன்னொரு மூடநம்பிக்கை. ரசிகர் தளங்களின் அடியில் ஒரு வரி எழுதியிருப்பார்கள்: "இது லாப நோக்கமற்ற தளம். காப்புரிமை மீறல் நோக்கமல்ல." எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவது போலத்தான் இது. அமெரிக்கச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு எது என்று பார்க்க நாலு அம்சங்கள் உண்டு. வியாபாரமா இல்லையா என்பது அதில் ஓர் அம்சத்தின் ஒரு பகுதி. அவ்வளவுதான். காசு வாங்கவில்லை என்பதற்காகவே யாரும் தப்பித்துவிட முடியாது.

க்ரோனோ ட்ரிகர் ரசிகர்களைக் கேட்டால் சொல்வார்கள். க்ரோனோ காம்பெண்டியம் என்ற தளத்தைச் சேர்ந்தவர்கள் 'கிரிம்ஸன் எக்கோஸ்' என்று ஒரு தொடர்ச்சிக் கதையைப் பழைய கேமுக்குள்ளேயே வருடக்கணக்கில் உருவாக்கினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. 2009 மே மாதம், வெளியிட வேண்டிய நேரத்தில், ஸ்கொயர் எனிக்ஸிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. நிறுத்திவிட்டார்கள். மெட்ராய்ட் தொடரின் முப்பதாவது ஆண்டு நிறைவன்று, 2016 ஆகஸ்டில், ஒரு ரசிகர் வருடக்கணக்கில் செய்து இலவசமாக வெளியிட்ட மறு உருவாக்கத்துக்கும் அதுவே நடந்தது. நோட்டீஸ் அனுப்பியது நின்டெண்டோ. லாபம் இல்லை என்ற வரி அங்கேயும் இருந்தது. யாரும் படிக்கவில்லை.

அப்படியானால் லாப நோக்கமற்று நடத்துவதே முட்டாள்தனமா? இல்லை. கணக்கு தெரிந்து நடத்துவது ஒன்று, கணக்கே பார்க்காமல் நடத்துவது வேறு. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டுமா இரண்டு பேரிடமா (அந்த ஒருவருக்குக் கல்யாணம் ஆனதோடு மூடிய தளங்கள் உண்டு), மொத்தத் தரவையும் இறக்கி வேறோர் இடத்தில் வைத்திருக்கிறார்களா, எழுதியது என்ன உரிமத்தில் இருக்கிறது, நன்கொடை வந்தால் அது யாருடைய கணக்கில் ஏறுகிறது, அந்தக் கணக்கை எழுதியவர்களுக்குக் காட்டுகிறார்களா? இந்தக் கேள்விகளைக் கேட்டால் "இது வெறும் கேம் சைட்டுப்பா, கம்பெனி மாதிரி பேசறியே" என்பார்கள். சீட்டுப் பிடிக்கிற பாட்டிகூட நோட்டுப் போட்டுத்தான் எழுதி வைக்கிறார். அவரை யாரும் கம்பெனி என்று சொல்வதில்லை.

காசும் தளமும் எப்படித் தள்ளித் தள்ளி நிற்கலாம் என்பதற்கு மதர் தொடரின் ரசிகர்களைப் பார்க்கலாம். ஷிகேசாடோ இடோய் என்ற விளம்பர எழுத்தாளர் உருவாக்கிய தொடர் அது. முதல் மதர் 1989-ல் ஜப்பானில் வந்தது. இரண்டாவது 1994-ல் வந்து, 1995-ல் 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே சுமார் 1,40,000 பிரதிகள்தான் விற்றன. நின்டெண்டோவின் கணக்கில் அது தோல்வி. அந்தத் தோல்விப் படத்துக்கு 1999-ல் ரசிகர்கள் சேர்ந்து ஸ்டார்மென்.நெட் என்று ஒரு தளம் நடத்த ஆரம்பித்தார்கள். சொந்த டொமைன். மனுப் போட்டார்கள். தொலைபேசியில் அழைத்து நச்சரித்தார்கள். 2007-ல் ரசிகர்களின் ஓவியங்களை 270 பக்கப் புத்தகமாக அச்சடித்து நின்டெண்டோவுக்கே அனுப்பி வைத்தார்கள். ம்ஹூம். 2006 ஏப்ரலில் ஜப்பானில் வந்த மதர் 3 ஆங்கிலத்தில் வரவே இல்லை.

அதே 2006 நவம்பரில் தாங்களே மொழிபெயர்ப்பது என்று முடிவு செய்தார்கள். முன்னால் நின்றவர் கிளைட் மேண்டலின். ஜப்பானிய அனிமேவும் கேமும் மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். பகலில் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பு, ராத்திரியில் சம்பளமில்லாமல் மொழிபெயர்ப்பு! ஜப்பானிய எழுத்துக்காக எழுதப்பட்ட கேமில் ஆங்கில எழுத்து பொருந்தவே பொருந்தாது, நிரலையே பிரித்து மேய வேண்டும். ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. 2008 அக்டோபர் 17-ல் பேட்ச் வெளியானது. முதல் வாரத்திலேயே 1,00,000-க்கும் மேல் டவுன்லோடு. 2013-ல், இந்த மொழிபெயர்ப்பை நின்டெண்டோ இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று மேண்டலின் வெளிப்படையாகச் சொன்னார். எடுத்துக்கொள்ளவில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கூட்டத்தில் சிலருக்குச் சம்பாதிக்கவும் ஆசை இருந்தது. தப்பில்லை, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அதற்காக ஸ்டார்மென்.நெட்டில் பாப்பப் போடவில்லை. 2008-ல் ஃபேன்கேமர் என்று தனியாக ஒரு கடை திறந்தார்கள். மதர் 3-க்கு ரசிகர்களே எழுதிய ஒரு கையேட்டை அச்சடித்து விற்றார்கள். டிஷர்ட் விற்றார்கள். வேண்டியவர்கள் வாங்கினார்கள், வேண்டாதவர்கள் தளத்தைப் படித்துவிட்டுப் போனார்கள். லாபம் ஒரு கதவு, ரசனை ஒரு கதவு. இரண்டு சாவியும் அவர்களிடமே. "ரசிகர்னு சொல்லிட்டு வியாபாரம் பண்றாங்க" என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் விக்கியாவில் இலவசமாக எழுதி யாரோ ஒரு முதலீட்டாளரை வளர்த்துக்கொண்டிருந்தார்களோ!

அந்தத் தளத்தில் பள்ளிக்கூடப் பையனாகச் சுற்றித் திரிந்த ஒருவர் 2008-ல் எர்த்பவுண்டை மாற்றிப் போட்டு ஒரு ஹாலோவீன் கேம் செய்தார். பெயர் டோபி ஃபாக்ஸ். 2015-ல் அவர் வெளியிட்ட அண்டர்டேல் உலகம் முழுக்க ஓடியது. அதற்கு டிஷர்ட்டும் பொம்மையும் போட்டு விற்றது அதே ஃபேன்கேமர்.

எர்த்பவுண்டை நின்டெண்டோ 2013-ல் மறுபடி வெளியிட்டது. 2022-ல் முதல் இரண்டு கேம்களும் ஸ்விட்சுக்கு வந்தன. 2024 பிப்ரவரியில் மதர் 3-ம் ஸ்விட்சுக்கு வந்தது, ஜப்பானில் மட்டும், ஜப்பானிய மொழியில் மட்டும். ஆங்கிலத்தில் ஆட வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் எடுத்துக் காட்டப்படுவது, 2008-ல் சம்பளமில்லாமல் செய்த அந்தப் பேட்ச்தான்.